ரூட் பாஸ்வேர்ட் தொலைஞ்சுபோச்சா? பூட்டைத் திறப்பது ஐந்து நிமிட வேலை, சாவி யாருடையது என்பதுதான் சிக்கல்

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஆட்களுக்குக் கிழக்கேகோட்டையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கழக்கூட்டம் பஸ்ஸுக்கு நிற்கும் இடம். ஒரு பக்கம் சாலை பஜார், இன்னொரு பக்கம் கோட்டை வாசல், உள்ளே பத்மநாபசுவாமி கோயில். அந்தக் கோயிலின் நிலவறைகள் 2011-ல் உலகச் செய்தியானது உங்களுக்கு நினைவிருக்கும். உச்ச நீதிமன்றம் அமைத்த குழு ஏ அறையைத் திறந்தது, தங்கம் தங்கமாக வந்தது. பி அறையில் வெளிக் கம்பிக் கதவைத் திறந்தார்கள், அடுத்திருந்த மரக் கதவையும் திறந்தார்கள். மூன்றாவது இரும்புக் கதவு இறுகி நின்றுவிட்டது. பூட்டு வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடலாம் என்று முடிவெடுத்தபோது திருவிதாங்கூர் அரச குடும்பம் உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது.

நாகபந்தம், மந்திரம் சொன்னால்தான் திறக்கும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றிய கதைகளை விடுங்கள். ஒரு பூட்டுக்காரர் வந்திருந்தால் திறந்திருப்பார். ‘திறக்க முடியுமா’ என்று யாரும் நீதிமன்றத்தில் வாதாடவில்லை. திறக்கச் சொல்லும் உரிமை யாருக்கு என்றுதான் வாதாடினார்கள். அதற்குத் தீர்ப்பு வர 2020 ஜூலை 13 வரை ஆனது.

உங்கள் ஆபீஸில் ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கிறது. அதை அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. இல்லையென்றால், ஆறு மாதமாகத் தொடாத சொந்த லேப்டாப்பில் உபுண்டு உங்களையே உள்ளே விட மறுக்கிறது. இரண்டு இடத்திலும் நிலவறைக் கதைதான். பூட்டு நினைப்பதைவிடச் சுலபமாகத் திறக்கும். எங்கே திறக்காது, திறப்பது எப்போது குற்றமாகும் என்பதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் மெனக்கெட வேண்டும்.

முதலில், ரூட்னா யாரு?

யூனிக்ஸ் வழி வந்த எல்லா இயங்குதளத்திலும், அதாவது லினக்ஸ், மேக்ஓஎஸ், பிஎஸ்டி குடும்பம் என எதிலும், 0 என்ற எண் கொண்ட ஒரு பயனர் இருப்பார். அவர்தான் ரூட். எந்தக் கோப்பையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம், யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றலாம். ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று சிஸ்டம் அவரிடம் அநேகமாகச் சொல்லவே சொல்லாது. உபுண்டுவில் ரூட் கணக்கை நேரடியாகப் பயன்படுத்த முடியாதபடி தொடக்கத்திலேயே பூட்டி வைத்திருப்பார்கள். நீங்கள் ‘சூடோ’ போட்டு, உங்கள் சொந்த பாஸ்வேர்டைக் கொடுத்து, கொஞ்ச நேரம் ரூட்டின் அதிகாரத்தை வாங்கிக்கொள்கிறீர்கள். அதனால் உபுண்டுவில் ‘ரூட் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு’ என்று சொல்பவர் பெரும்பாலும் மறந்திருப்பது தன் பாஸ்வேர்டைத்தான்.

இந்த பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது? ‘ஷேடோ’ என்ற கோப்பில், ரூட் மட்டுமே படிக்கக்கூடிய இடத்தில். அங்கே போய்ப் பார்த்தாலும் உங்கள் பாஸ்வேர்ட் கிடைக்காது, அதை அரைத்து எடுத்த மாவுதான் கிடைக்கும். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. நீங்கள் லாகின் செய்யும்போது, தட்டிய சொல்லை அதே முறையில் மறுபடி அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று சிஸ்டம் பார்க்கும், அவ்வளவுதான்.

அந்த அரைத்தல் எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1980 வாக்கில் பயன்படுத்திய பாஸ்வேர்டின் மாவு, பழைய பிஎஸ்டி மூலக் கோப்புகளோடு சேர்ந்து வெளியில் கிடந்தது. கூட இருந்த பல பெரியவர்களின் பாஸ்வேர்டுகள் உடைந்தும் அவருடையது உடையவில்லை. 2019-ல், ஒரு கிராபிக்ஸ் கார்டு நாலு நாளுக்கு மேல் ஓடிய பிறகுதான் விடை வந்தது. எட்டே எழுத்து. சதுரங்கத்தில் ராணிக்கு முன்னாலிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் தொடக்க நகர்வு, பழைய குறியீட்டு முறையில். மனுஷனுக்கு செஸ் என்றால் அவ்வளவு பிரியம்.

ஆகவே பழைய பாஸ்வேர்டைக் ‘கண்டுபிடிக்கும்’ முயற்சியை விட்டுவிடுங்கள். அந்தக் கோப்பில் புதிய மாவை எழுதிவிட்டால் போதும். அதற்கு நீங்கள் ரூட்டாக இருக்க வேண்டும், ரூட்டாக இருக்க பாஸ்வேர்ட் வேண்டும். இந்தச் சுற்றை எங்கே வெட்டுவது?

கம்ப்யூட்டர் முழுசாக விழிக்கும் முன்

பாஸ்வேர்ட் கேட்பது லினக்ஸ் கெர்னல் இல்லை. அது எழுந்து, வேண்டிய சேவைகளை ஒவ்வொன்றாகத் தொடங்கி, கடைசியில் லாகின் திரையை ஓடவிடும். கேள்வி கேட்பது அந்தத் திரைதான். ஆக, அந்தக் காவலர் பணிக்கு வருவதற்கு முன்பே உள்ளே போய்விட்டால் கேட்க ஆள் இல்லை. இதை ஓட்டை என்று நினைக்காதீர்கள், பராமரிப்புக்காகத் தெரிந்தே விட்ட வழி இது.

கையை வைக்கும் முன் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். கேப்ஸ் லாக் தெரிந்ததுதான், இரண்டாவதில்தான் நம் ஆட்கள் மாட்டுவார்கள். விசைப்பலகை தமிழ் 99-லோ மலையாளத்திலோ மாறியிருந்தால் நீங்கள் சரியாகத்தான் தட்டுவீர்கள், சிஸ்டம் வேறு எதையோ வாங்கிக்கொள்ளும். திரையின் மூலையில் மொழிக் குறியைப் பாருங்கள். அடுத்து, ரெட் ஹேட் வகை சர்வரில் தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டும் வசதியை இயக்கியிருப்பார்கள். அதன் இயல்பான அளவு மூன்று தவறு, 600 விநாடி. பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டு வந்தால் தானாகத் திறந்திருக்கும்.

அதுவும் இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். உபுண்டுவில் ‘கிரப்’ என்ற தொடக்க மெனு பொதுவாகத் தலைகாட்டாது. பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும், புதிய யூஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப்பை ஒரு தடவை தட்ட வேண்டும். பதற்றத்தில் நாலைந்து தடவை தட்டினால் மெனுவைத் தாண்டி வெறும் கிரப் கட்டளைத் திரையில் போய் நிற்பீர்கள். அங்கே ‘நார்மல்’ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுத்து, உடனே எஸ்கேப் தட்டினால் மெனு திரும்பி வரும். மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘ரெகவரி மோட்’, அதற்குள் ‘ரூட்’. கீழே சின்னதாக ஒரு கட்டளைக் குறி வந்துவிட்டால் நீங்கள்தான் ரூட்.

இப்போது பாஸ்வேர்ட் மாற்றும் கட்டளை. ‘பாஸ்வேர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஓ, ஆர் இரண்டையும் எடுத்துவிட்டு, ஒரு இடம் விட்டு, உங்கள் பயனர் பெயர். அடித்ததும் பலருக்கு ‘டோக்கன் மானிபுலேஷன் எர்ரர்’ என்று ஒன்று வரும். பயப்பட ஒன்றுமில்லை. டிஸ்க் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கிறது, புதிய மாவை எழுத முடியவில்லை. ‘மவுன்ட்’ கட்டளையோடு ‘ரீமவுன்ட்’, ‘ஆர்டபிள்யூ’ இரண்டையும் விருப்பமாகக் கொடுத்து, சாய்கோடு ஒன்றைக் குறிப்பிட்டால் எழுதும் அனுமதி வந்துவிடும். பிறகு பாஸ்வேர்ட் மாறும். பயனர் பெயரே மறந்துபோனவர்கள் ‘ஹோம்’ கோப்புறையில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று எட்டிப் பார்த்தால் போதும்.

ரூட்டுக்கென்று யாராவது தனியாக பாஸ்வேர்ட் வைத்திருந்தால் ரெகவரி மோடும் அதைக் கேட்கும். அப்போது கிரப் மெனுவிலேயே ‘ஈ’ விசையைத் தட்டி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியைத் திருத்துவார்கள். ‘ஆர்ஓ’ என்றிருப்பதை ‘ஆர்டபிள்யூ’ ஆக்கி, வரியின் கடைசியில் ‘இனிட்’ என்ற சொல்லுக்குச் சமமாக பாஷ் ஷெல்லின் முழு முகவரியைக் கொடுத்து, கன்ட்ரோல்-எக்ஸ். ‘எழுந்ததும் வேறு எதையும் தொடங்காதே, ஷெல்லை மட்டும் கொடு’ என்று கெர்னலிடம் சொல்வதுதான் இது. இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே, நிரந்தரமாக எதுவும் எழுதப்படாது. வேலை முடிந்ததும் ‘சிங்க்’ கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ரெட் ஹேட் குடும்பத்தில் அதே வரியில் ‘ஆர்டி.பிரேக்’ சேர்ப்பது நிறுவனமே தன் ஆவணத்தில் சொல்லும் முறை. உண்மையான டிஸ்க் அங்கே ‘சிஸ்ரூட்’ என்ற இடத்தில் தொங்கும். அதை எழுதும்படி மாற்றி, ‘சிஹெச்ரூட்’ மூலம் உள்ளே போய், பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். இங்கே ஒரு பள்ளம் உண்டு. ‘ஆட்டோரீலேபிள்’ என்ற வெற்றுக் கோப்பை, பெயருக்கு முன் ஒரு புள்ளியோடு, மேல் கோப்புறையில் உருவாக்காமல் வெளியே வந்தால் எஸ்இலினக்ஸ் காவல் அந்தப் புதிய ஷேடோ கோப்பை நம்பாது. பாஸ்வேர்டைச் சரியாக மாற்றியும் லாகின் ஆகாமல் பாதி ராத்திரி முழித்துக்கொண்டிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இதை விட்டவர்களாகத்தான் இருக்கும்.

பாஸ்வேர்ட் நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் சூடோ மட்டும் வேலை செய்யவில்லை என்றாலும் இதே வழிதான். ‘சூடோயர்ஸ்’ கோப்பை சாதாரண எடிட்டரில் திறந்து ஒரு எழுத்துப் பிழை விட்டால் போதும், மொத்த சூடோவும் படுத்துவிடும். அதற்காகத்தான் ‘விசூடோ’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே சொல்லிவிடும். ரெகவரி மோடில் போய் அந்த வரியைத் திருத்தலாம், அல்லது உங்கள் பெயரை ‘சூடோ’ குழுவில் மறுபடி சேர்க்கலாம்.

உள்ளே போன பிறகு டெஸ்க்டாப்பில் ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். பிரவுசர், வைஃபை பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் ‘கீரிங்’ பழைய பாஸ்வேர்டால் பூட்டப்பட்டது. லாகின் பாஸ்வேர்டை வெளியிலிருந்து மாற்றினால் அது கூடவே மாறாது. பழையது நினைவுக்கு வராவிட்டால் அந்தக் கீரிங்கை அழித்துப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நம் ஊர்ப் பக்கம் இது எத்தனை கணினிகளுக்குப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். கேரள அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் தரும் இயங்குதளம் உபுண்டுவை அடியாகக் கொண்டது. 2001-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்ததும் இதே திருவனந்தபுரத்தில்தான். தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சென்னை சி-டாக்கின் ‘பாஸ்’ லினக்ஸும் வந்தது. உங்களில் பலர் முதன்முதலில் லினக்ஸ் பார்த்தது அதில்தானே?

அப்போ யார் வேணும்னாலும் திறக்கலாமா?

டிஸ்க் என்கிரிப்ட் ஆகவில்லை என்றால், ஆமாம். கணினி முன்னால் உட்கார முடிந்தவர் அதன் முதலாளி. கிரப்புக்கே ஒரு பாஸ்வேர்ட் போடலாம், அதையும் பென் டிரைவில் இன்னொரு லினக்ஸைப் போட்டு பூட் செய்து தாண்டிவிடுவார்கள். பயாஸைப் பூட்டினால் டிஸ்க்கையே கழற்றி வேறு கணினியில் மாட்டுவார்கள். லாகின் பாஸ்வேர்ட் என்பது நெட்வொர்க் வழியாக வருபவரையும் பக்கத்து சீட்காரரையும் தடுக்கத்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனவரை அது ஒன்றும் செய்யாது.

இதற்கு இருக்கும் உண்மையான தடுப்பு என்கிரிப்ஷன். லினக்ஸில் ‘லக்ஸ்’ என்று ஒரு முறை. கணினி எழும்போதே, லாகின் திரைக்கு வெகு முன்னால், ஒரு சாவிச் சொல் கேட்குமே, அதுதான். இதை மறந்தால் மேலே சொன்ன எந்த வழியும் உதவாது, ஏனென்றால் காவலர் வரும் முன் உள்ளே போனாலும் அங்கே படிக்கும்படி எதுவும் இருக்காது. கடைக்காரர் ‘டேட்டா எடுத்துத் தர்றேன்’ என்றால் பணம் கொடுத்துவிடாதீர்கள். நல்ல விஷயம், லக்ஸில் ஒரே டிஸ்க்குக்குப் பல சாவிகள் வைக்கலாம். முதல் பதிப்பில் 8 இடங்கள், இரண்டாவதில் 32 வரை. உங்களுக்கு ஒன்று, ஐடி பிரிவுக்கு ஒன்று என்று முன்கூட்டியே வைத்திருந்தால் ஒருவர் மறந்தாலும் வழி இருக்கும். இன்னொன்று, டிஸ்க்கின் தலைப்பில் உள்ள ‘ஹெடர்’ பகுதி கெட்டுப்போனால் சரியான சாவி கையில் இருந்தும் பயனில்லை. அதற்கு ஒரு பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

கிளவுடில் கதை வேறு மாதிரி. அங்கே கீபோர்டும் இல்லை, கிரப் மெனுவைப் பிடிக்க ஷிஃப்ட்டும் இல்லை. எஸ்எஸ்ஹெச் சாவி தொலைந்தால் அமேசான் கிளவுடில் வழக்கமான வழி இது: சர்வரை நிறுத்தி, டிஸ்க்கைப் பிரித்து, நல்ல நிலையில் உள்ள இன்னொரு சர்வரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, உள்ளே புதிய சாவியை எழுதி, பழைய இடத்திலேயே திருப்பி மாட்டுவது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டும் அதே பழைய வித்தை, பிரவுசருக்குள் நடக்கிறது. இதைச் செய்ய சர்வருக்குள் எந்த அனுமதியும் தேவையில்லை, கிளவுட் கணக்கில் அனுமதி வேண்டும். அமேசானும் அந்தக் கணக்கின் உச்சியில் இருப்பவரை ‘ரூட் யூசர்’ என்றுதான் அழைக்கிறது, அவருடைய அடையாளம் ஒரு ஈமெயில் முகவரி.

சின்ன ஸ்டார்ட்அப்பில் இருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விசாரியுங்கள். அந்த ஈமெயில் யாருடையது? கம்பெனி தொடங்கிய முதல் வாரத்தில் அவசரத்துக்கு ஒருவர் தன் சொந்த ஜிமெயிலில் கணக்கைத் திறந்திருப்பார். கிரெடிட் கார்டும் அவருடையதாக இருக்கும். எந்த சர்வரின் பாஸ்வேர்டை யார் வைத்திருந்தாலும் உண்மையான சாவி அந்த ஜிமெயில்தான்.

சாவி ஒருத்தர் கையில் மட்டும் இருந்தால்

2008 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ மாநகராட்சிக்கு இது நடந்தது. அது யூனிக்ஸ் சர்வர் இல்லை, ரவுட்டர்களும் ஸ்விட்சுகளும் கொண்ட நகரத்தின் ஃபைபர் நெட்வொர்க். ஆனால் பிரச்சினை அச்சு அசல் இதுதான். அதைக் கட்டியெழுப்பிய பொறியாளர் டெர்ரி சைல்ட்ஸ், நிர்வாக பாஸ்வேர்டுகளை மேலதிகாரிகளிடம் கொடுக்க மறுத்தார். தகுதியில்லாதவர்கள் கையில் போனால் நெட்வொர்க் கெட்டுவிடும் என்பது அவர் வாதம். கருவிகளில் பாஸ்வேர்டை மீட்கும் வசதியையும் அவர் முடக்கியிருந்தார். நாம் மேலே பார்த்த ‘ரெகவரி மோட்’ கதவைச் சுவர் வைத்து அடைத்தது மாதிரி. கைது செய்தார்கள், ஜாமீன் 50 லட்சம் டாலர். அப்போதும் கொடுக்கவில்லை. கடைசியில் மேயர் கேவின் நியூசம் ஜெயிலுக்கே நேரில் போனபோது அவரிடம் மட்டும் கொடுத்தார். அத்தனை நாளும் நெட்வொர்க் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடியதுதான் வேடிக்கை. அப்படியும் 2010-ல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, நான்கு ஆண்டு சிறை.

சைல்ட்ஸ் திறமைசாலி. அவர் கவலையிலும் நியாயம் இருந்தது என்று அன்று பேசிய பொறியாளர்கள் நிறைய. எனக்கும் அவர்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஆனால் பாஸ்வேர்டை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தனக்கே என்று அவர் எடுத்துக்கொண்டார், அங்கேதான் மாட்டினார். நிர்வாகமும் அந்த உரிமை யாருக்கு என்று முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் மேயர் ஜெயில் படி ஏற வேண்டி வந்திருக்காது.

இந்தியாவில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 பொருந்தும். கணினியின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதி தராமல் உள்ளே நுழைவது 43-வது பிரிவில் வரும். உரிமை உள்ளவருக்கு வழியை அடைப்பதும் அதே பிரிவில்தான். ரெகவரி மோடில் புகுந்தவருக்கும், கோபத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ராஜினாமா செய்தவருக்கும் ஒரே பிரிவு. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘மேனேஜர் சொன்னாரு சார், ஓப்பன் பண்ணேன்’ என்பது வாய்மொழி, பிறகு யாருக்கும் நினைவிருக்காது. எந்த சர்வர், எதற்காக, யார் சொல்லி என்று ஒரு மெயில் வரும்வரை அந்த ரீஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள்.

திறந்த பிறகும் ஒரு பதிவு வேண்டும். பி அறை விஷயத்திலேயே பாருங்கள். காலங்காலமாகத் திறக்கப்படாத அறை என்று ஊரே நம்பியது. கோயில் கணக்கைத் தணிக்கை செய்த முன்னாள் சி.ஏ.ஜி. வினோத் ராய், அது 1990 முதல் குறைந்தது ஏழு முறை திறக்கப்பட்டதாக அறிக்கை கொடுத்தார். அரச குடும்பத் தரப்போ, திறந்தது முன்னறைதான், உள்ளறை இல்லை என்றது. எந்தக் கதவு, எந்த நாள், யார் முன்னிலையில் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரு பதிவேடு இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கு இடமில்லை. லினக்ஸ் சர்வரில் இது இன்னும் முக்கியம். இனிட் வழியாக ஷெல்லுக்குள் போனபோது பதிவு எழுதும் சேவையும் எழுந்திருக்காது. நீங்கள் செய்த எதுவும் லாகில் இருக்காது. நீங்களே எழுதி வைத்தால்தான் உண்டு.

2020 தீர்ப்பு அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றது, நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் கொடுத்தது, பி அறையைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் குழுக்களின் முடிவுக்கு விட்டது. ஆபீஸுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. பாஸ்வேர்ட் மேலாளர் ஒன்று, அதை அவசரத்துக்குத் திறக்க இரண்டு பேர், அதில் ஒருவர் விலகும் நாளில் கைமாற்ற ஒரு தேதி. அதன் முதன்மைச் சொல்லைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, கம்பெனி லாக்கரில் வைப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஹேக்கர் நெட்வொர்க் வழியாக வந்து லாக்கரைத் திறக்க மாட்டார்.

இந்த மீட்பு வேலையை முதன்முதலாகச் செய்வது ஓடிக்கொண்டிருக்கும் உண்மையான சர்வரில் வேண்டாம். வர்ச்சுவல்பாக்ஸில் ஒரு உபுண்டுவைப் போடுங்கள், ஏதாவது ஒரு பாஸ்வேர்டைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டி வையுங்கள், பிறகு உள்ளே போகப் பாருங்கள். எஸ்கேப்பை எந்த நொடியில் தட்ட வேண்டும் என்பது மட்டும் நாலைந்து தடவை தவறும்.